பொருள்: குதிரையின் நான்கு கதிகளுக்குத் தமிழ்ப்பெயர் – வெள்ளிக்குள் வேண்டும்

மடல் 1 – பலகை எழுதுபவர்

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான கண்காட்சிக்கு 'இலக்கியத்திலும் வாழ்விலும் குதிரை' என்று பலகைகள் தயாராகின்றன. வெள்ளிக்கிழமை அச்சு. குதிரைமறத் துறை, மடலேறுதல், ஐயனார் கோயில் மண்குதிரை, பொய்க்கால் குதிரை எல்லாம் முடிந்தன. ஒரு பலகை நிற்கிறது. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக் கலைஞர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையை எடுத்த படங்கள் அதில் வருகின்றன. வாக், டிராட், கேன்டர், கேலப் என்ற நான்கு கதிகளுக்கும், அதாவது குதிரை கால்வைத்துப் போகும் முறைகளுக்கும், பெயர் வேண்டும்.

'மெதுநடை, வேகநடை, ஓட்டம், வேக ஓட்டம்' என்று யாரும் அனுப்பிவிட வேண்டாம். இவற்றைப் பிரிப்பது குளம்பு விழும் வரிசை, வேகம் அன்று. வாக்கில் இடப்பின், இடமுன், வலப்பின், வலமுன் எனத் தனித்தனியாக நான்கு ஒலி. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். டிராட்டில் இடப்பின்னும் வலமுன்னும் சேர்ந்து விழும், பிறகு மற்ற இணை; இரண்டே ஒலி, நடுவில் ஒரு நொடித்துளி நான்கு காலும் தரையில் இல்லை. கேன்டரில் மூன்று ஒலி: ஒரு பின்கால், அடுத்து ஒரு குறுக்கிணை (ஒருபக்கப் பின்காலும் மறுபக்க முன்காலும் சேர்ந்து), கடைசியில் முந்தும் முன்கால், பிறகு மிதப்பு. கேலப்பில் அந்தக் குறுக்கிணை பிரிந்து மறுபடி நான்கு ஒலி ஆகிறது.

மடல் 2 – புலவர்

அம்மா, புதிதாக ஆக்க என்ன தேவை? நிகண்டுகளில் ஐங்கதி இருக்கிறது. மயூரகதி, வானரகதி என்று அழகான பெயர்கள். வடமொழி நிகண்டான அமரகோசத்திலும் ஐந்து தாரைகள், அதாவது குதிரைக் கதிகள், உண்டு: ஆஸ்கந்திதம், தௌரிதகம், ரேசிதம், வல்கிதம், புலுதம்.

வடசொல் வேண்டாம் என்றால் 'பரி' இருக்கிறது. பரிதல் என்றால் ஓடுதல். பட்டினப்பாலையில் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்ற இடத்தில் பரி என்பது குதிரை அன்று, அதன் ஓட்டம். புரவிதான் குதிரை. ஓட்டத்தின் பெயர் பிறகு விலங்குக்கு ஆகிவந்தது. ஆகவே டிராட் இணைபரி, கேன்டர் முப்பரி, கேலப் நாற்பரி. மூன்றே சொல்லில் இலக்கணமும் இலக்கியமும் வந்துவிட்டன.

மடல் 3 – யாழ்ப்பாணத்து ஆசிரியர்

ஐயா சொன்ன பொருள் சரிதான். ஆனால் இன்றைக்குப் பரி என்றால் குதிரைதான். எங்கள் பாடநூல்களில் பரிவலு என்றும் தமிழ்நாட்டில் குதிரைத்திறன் என்றும் எழுதுவது ஒரே அலகைத்தான். முப்பரி என்று பலகையில் கண்ட பிள்ளை மூன்று குதிரைகளைத் தேடும். கையெழுத்தில் முப்புரி என்று வாசித்துப் பூணூலுக்கும் போய்விடும்.

மடல் 4 – கால்நடை மருத்துவர்

ஐங்கதியை எடுக்காதீர்கள். மயில், குரங்கு என்பவை கண்ணுக்குத் தோன்றும் சாயல். எந்தக் கால் எதனோடு விழுகிறது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ஒரு நூலின் ஐந்து இன்னொரு நூலின் ஐந்தோடு பொருந்துவதும் இல்லை. இன்றைய கதி ஒன்றோடு ஒட்டவைத்தால் நாம் ஊகித்ததை நிகண்டின் பேரில் ஏற்றியவர்கள் ஆவோம்.

டிராட்டுக்கு 'வேகநடை' ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொண்டலை டிராட்டில்தான் பார்ப்போம். வாக்கில் எப்போதும் இரண்டு மூன்று கால்கள் ஊன்றியிருப்பதால் பளு பகிர்ந்துபோய் இலேசான நோவு மறைந்துவிடும். கேன்டரோ இயல்பிலேயே இடவல ஒப்பு இல்லாதது. டிராட்டில் மட்டும் இடமும் வலமும் ஒரே மாதிரி பளு தாங்கவேண்டும். கெட்டித் தரையில், தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேர்கோட்டில் போகவிட்டுத் திரும்ப வரவிட வேண்டும். முன்காலில் நோவு என்றால் அந்தக் கால் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்தத் தலையாட்டமே தெரியாது. கையேட்டில் 'வேகநடையில் கவனிக்க' என்று இருந்தால் மாணவர் குதிரையை வேகமாக நடத்துவார், நொண்டல் தப்பிவிடும்.

தொங்கோட்டம் என்று ஒரு சொல் இருக்கிறதே, ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில்? அதையே டிராட்டுக்கு வைக்கலாம்.

மடல் 5 – மிருதங்க ஆசிரியர்

காதால் பிரிப்பதை ஏன் கண்ணுக்குப் பெயராக்க வேண்டும்? டிராட் 'தக, தக'. கேன்டர் 'தகிட', பிறகு ஓர் இடைவெளி. குழந்தைகள் தொடையில் தட்டிப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். இருதட்டு ஓட்டம், முத்தட்டு ஓட்டம் என்று வையுங்கள். 'ஈரடி', 'மூவடி' வேண்டாம். ஒன்று குறளுக்குப் போகும், மற்றது வாமனனுக்குப் போகும்.

மடல் 6 – புலவர்

ஓசை என்று எடுத்தபின் யாப்பை விடலாமா? கலிப்பாவுக்குத் துள்ளல் ஓசை. கேன்டரைத் துள்ளோட்டம் என்னலாம். 'குதிரை' என்ற பெயரிலேயே குதி இருக்கிறது என்பது என் துணிபு.

ஆண்குதிரைக்கும் பலகையில் சொல் தேவைப்படும். பொலிகுதிரை என்று எழுதுமுன் மரபியலைப் பாருங்கள்: 'குதிரையுள் ஆணினைச் சேவல் என்றலும்' வழக்கே என்கிறார் தொல்காப்பியர். பெண்ணுக்குப் பெட்டை, குட்டிக்குக் கன்று.

மடல் 7 – கால்நடை மருத்துவர்

சேவல் மரபு உண்மைதான், ஐயா. ஆனால் தலைப்பு கதியைப் பற்றியது; அதைத் தனி மடலில் பேசுவோம்.

துள்ளல் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குதிரை முதுகை வளைத்து நான்கு காலாலும் எம்பிச் சவாரி செய்பவரைத் தள்ளுவதையும் துள்ளல் என்றுதான் சொல்வோம். கேன்டர் அமைதியான, தொட்டில் போன்ற அசைவு. சவாரி பழகுபவரிடம் 'துள்ளோட்டத்துக்குக் கொண்டுவா' என்றால் பயந்து கடிவாளத்தை இழுப்பார்; குதிரை டிராட்டுக்கே இறங்கிவிடும்.

மடல் 8 – யாழ்ப்பாணத்து ஆசிரியர்

கேலப்புக்கு யாரும் மெனக்கெட வேண்டாம். 'நாலுகால் பாய்ச்சல்' எல்லோர் வாயிலும் இருக்கிறது.

மடல் 9 – பலகை எழுதுபவர்

அந்தத் தொடரை நானும் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நாலுகால் பாய்ச்சல் என்றதும் மனத்தில் வருவது முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீண்டு பறக்கும் குதிரை. 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்ததும் அப்படித்தான். மைபிரிட்ஜின் படங்கள் அதைத்தான் பொய்யாக்கின: நான்கு காலும் தரையை விடுவது, அவை வயிற்றுக்கடியில் மடங்கி ஒன்றுசேர்ந்திருக்கும்போது. பலகையே அந்தப் பிழையைப் பற்றியது; தலைப்பில் அதே பிழையைப் பொதிந்து வைக்கலாமா?

மடல் 10 – மிருதங்க ஆசிரியர்

வைக்கலாம் அம்மா. நீட்டி மடக்குவதைப் பற்றி அந்தத் தொடர் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஓவியர்கள் நம் கண்ணில் ஏற்றினார்கள். நாலுகால் தனித்தனியே விழுவதுதான் கேலப். கேன்டரிலிருந்து அதைப் பிரிப்பதும் அந்த நான்காம் ஒலியே. வழக்குச்சொல் சரியாகவே எண்ணியிருக்கிறது.

மடல் 11 – பலகை எழுதுபவர்

மணி பதினொன்று. காலையில் கோப்பு போகவேண்டும். நடை, தொங்கோட்டம், துள்ளோட்டம், நாலுகால் பாய்ச்சல் என்று வைக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் நான்கு குளம்புப் படமும், விழும் வரிசைக்கு 1, 2, 3, 4 என்ற எண்ணும் வரும். சேர்ந்து விழும் கால்களுக்கு ஒரே எண். மருத்துவரின் மறுப்பைப் பதிந்துகொள்கிறேன். முத்தட்டு நல்ல சொல், ஆனால் தாளம் அறியாத பிள்ளைக்குத் தட்டு சோற்றுத் தட்டாகிவிடும் என்று விட்டேன்.

மடல் 12 – கால்நடை மருத்துவர்

தொங்கோட்டம் நிற்கட்டும். துள்ளோட்டத்தை என் வகுப்பில் பயன்படுத்தமாட்டேன்; கேன்டர் என்றே சொல்வேன். ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரைகளுக்குரிய ரெவால் என்ற கதி இந்த நான்கிலும் அடங்காது, அதற்கும் ஒருநாள் பெயர் தேட வேண்டும்.

மடல் 13 – புலவர்

இணைபரியை நான் விடவில்லை. அது இருக்கட்டும், பலகையில் 'நடை' என்பதன் கீழ் புறநானூறு 299இன் ஓய்நடைப் புரவியைச் சான்றாகப் போட்டிருந்தால் இரவே எடுத்துவிடுங்கள் அம்மா. ஓய்நடை கதியின் பெயர் அன்று. உழுந்தின் சக்கை தின்று தளர்ந்த, சீறூர் மன்னனுடைய குதிரையின் நிலை அது. பொன்முடியார் பாட்டில் கடலைக் கிழிக்கும் தோணிபோலப் படைமுகத்தைப் பிளந்துபோவது அந்தக் குதிரைதான். நெய்ச்சோறு தின்று, பிடரி கத்தரித்து, மாலை சூடிய பெருமன்னர் குதிரைகள், முருகன் கோட்டத்தில் மாதவிலக்கால் கலம் தொடாமல் நிற்கும் பெண்களைப்போல ஒதுங்கி நின்றன. அந்தப் பாட்டை நான்காம் பெயரான நாலுகால் பாய்ச்சலின் கீழ் போடுங்கள்.