ஒன்ராறியோவில் ஸ்னோமொபைல் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

குளிர்காலம் நெருங்கினால் கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து, பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் பற்றி இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "அண்ணா, பழைய ஸ்னோமொபைல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி அரச காணியில் ஓடினால் யார் கேட்கப் போகிறார்கள்?"

கேட்பார்கள். எங்களைக் கேட்டார்கள்.

நான் இங்கு வந்த இரண்டாவது குளிர்காலம். மைத்துனர் வாங்கிய பழைய வண்டியுடன் ஹாலிபர்ட்டன் பக்கம் போயிருந்தோம். பாதைகள் கூடும் இடமொன்றில் ரோந்துக்காரர் இருவர் மறித்தார்கள். ஒருவர் குனிந்து, முன்கண்ணாடியில் அப்பியிருந்த பனியைக் கையுறையால் துடைத்துத் தேடினார். அங்கே இருக்க வேண்டிய பாதை அனுமதி ஸ்டிக்கர் இல்லை. வண்டியின் இரு பக்கமும் பதிவு எண் இருந்தது, சட்டைப்பையில் காப்புறுதி அட்டை இருந்தது. அவை போதும் என்றே மைத்துனர் நம்பியிருந்தார். அபராதச் சீட்டுடன் வீடு திரும்பினோம்.

பதிவு வேறு, காப்புறுதி வேறு, பாதை அனுமதி வேறு. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

பதிவை மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒன்ராறியோவில் செய்ய வேண்டும். வண்டி உங்கள் கைக்கு வந்து 6 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். சொந்தக் காணிக்கு வெளியே எங்கு ஓட்டினாலும் காப்புறுதி கட்டாயம். கார் காப்புறுதி இதற்குத் தானாகப் பொருந்தாது, தனியாகக் கேட்டு எடுங்கள்.

பாதை அனுமதியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோவின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் அரச காணி. ஆனால் அதில் பெரும்பகுதி வடக்கே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் பெரும்பாலும் தனியார் நிலம்தான். நீங்கள் ஓடும் பாதை ஒரு விவசாயியின் வயலையும் இன்னொருவரின் காட்டையும் கடந்து போகிறது. அவர்கள் மனமுவந்து வழிவிட்டிருக்கிறார்கள். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பின் கீழ் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. உள்ளூர்க் கழகத் தொண்டர்கள் பாலங்களைச் செப்பனிட்டு, அறிவிப்புப் பலகைகளை நட்டு, பாதையைச் சீராக வைத்திருக்கிறார்கள். இந்தப் பாதைகளில் ஓடுவதற்கான அனுமதிக்கு நீங்கள் கட்டும் பணம் அந்த வேலைக்குத்தான் போகிறது. அதைக் கட்டாமல் ஓடுவது அவர்களின் உழைப்பைத் திருடுவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் குறையும். சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் 1க்குள் வாங்கினால் 190 டாலர், டிசம்பர் 1க்குள் 220, அதற்குப் பிறகு 270 என்று இருந்தது. இப்போதைய தொகையைக் கூட்டமைப்பின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே வாங்கலாம். 1999 அல்லது அதற்கு முந்தைய வண்டிகளுக்குத் தனியான அனுமதி உண்டு. ஓரிரு நாள் மட்டும் ஓடுபவர்களுக்குக் குறுகிய கால அனுமதியும் இருக்கிறது. அனுமதி ஓட்டுநருக்கு அல்ல, வண்டிக்கு. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு அனுமதி வாங்க வேண்டும்.

கூட்டமைப்பின் பாதைகளை விட்டு விலகி, திறந்த அரச காணியில் ஓட அந்த அனுமதி தேவையில்லை. அதற்காகப் பதிவும் காப்புறுதியும் தலைக்கவசமும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். மாகாணப் பூங்காக்களையும் அரச காணிதானே என்று நினைத்து நுழையாதீர்கள். குறித்து ஒதுக்கிய பாதை தவிர அங்கே ஸ்னோமொபைலுக்கு இடமில்லை. கியூபெக் போனால் அங்குள்ள கூட்டமைப்பின் அனுமதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரம் எந்த வகுப்பானாலும் ஓட்டலாம். அது இல்லாத பிள்ளைகள் 12 வயதிலிருந்து பயிற்சி பெற்று, இதற்கென்றுள்ள தனி அனுமதிப்பத்திரத்துடன் பாதையில் ஓட்டலாம். பொதுச் சாலையைக் குறுக்கே கடப்பதற்குக்கூட 16 வயது ஆகியிருக்க வேண்டும். பாதையில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் உங்கள் கார் ஓட்டும் உரிமையும் போய்விடும்.

இந்த முதல் ஆண்டில் வண்டி வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. தெற்கில் பனி நிலையாக நிற்காத குளிர்காலங்கள் வருகின்றன. ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாடகையில் பாதை அனுமதியும் காப்புறுதியும் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும் நாள் காலையில் கூட்டமைப்பின் வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் எச்சரிக்கையோடு போகலாம், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. ஏரிப் பனிக்கட்டியில் ஏறுவதாக இருந்தால் தெளிந்த நீல நிறக் கட்டி குறைந்தது 20 சென்டிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் கட்டிக்கு அதில் பாதி வலுதான்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், வண்டி எந்த ஆண்டுடையது, விற்பவரிடம் பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்று இங்கே எழுதுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.