சிங்க்ல தண்ணி எறங்க மாட்டக்கு, ஆளைக் கூப்பிடாம நாமளே சரி பண்ணலாமா?

பாளை மதினி:
எல்லாருக்கும் வணக்கம். பெருமாள்புரத்துல வாடகை வீட்டுல இருக்கோம். அடுக்களை சிங்க்ல ஒரு மாசமாவே தண்ணி பைய பையத்தான் எறங்கிட்டு இருந்துச்சு, போன ஞாயித்துக்கிழமை நாத்தனார் வீட்டுல இருந்து வந்திருந்தாவ, சொதி வச்சேன், அதான் தேங்காப்பால் கொழம்பு, மூணு தேங்கா, அந்தப் பாத்திரம் எல்லாம் கழுவுனதுல இருந்து சுத்தமா நின்னுட்டு. ஒரு சருவச்சட்டி தண்ணி ஊத்துனா போவ கால் மணி நேரம் ஆவுது, களக் களக்னு சத்தம் வேற, மேல வெள்ளையா ஏடு மெதக்கு. பாத்ரூம்லயும் புறவாசல்லயும் தண்ணி நல்லா போவுது. பிளம்பர் நாளைக்கி வாரேன் நாளைக்கி வாரேன்னு நாலு நாளாச்சு. எங்க வீட்டுல அவிய ஆசிட் வாங்கிட்டு வாரேன்னு நிக்காவ, எனக்கு அதுதான் பயமா இருக்கு. ஸ்டீல் சிங்க், கீழ வெள்ள பிளாஸ்டிக் பைப்பு. யாராச்சும் நீங்களே செஞ்சிருக்கியளா?

ஜங்ஷன் தம்பி:
அக்கா ஆப்ப சோடா ஒரு கை போட்டு மேல வினிகர் ஊத்துங்க, நொரையா பொங்கி வரும், அர மணி நேரம் கழிச்சு கொதிக்கக் கொதிக்க வெந்நீ ஊத்துங்க. வீடியோல பாத்தேன்.

தச்சநல்லூர் ஹார்டுவேர்:
தம்பி தப்பா எடுத்துக்கிடாதிய, பொங்குறது வெறும் காத்துதான். சோடாவும் வினிகரும் ஒண்ணுல ஒண்ணு பட்டதும் ரெண்டுக்கும் வேகம் போயிரும், மிஞ்சுறது ஒரு உப்புத்தண்ணி, அது எண்ணெப் பிசுக்க அசைக்காது. கொதிக்கிற தண்ணியும் வேண்டாம், பிவிசி பைப்பு எழுவது எம்பது டிகிரிலயே எளகிரும், ஜாயிண்டு விட்டுச்சுன்னா பெறவு அதுக்கு ஒரு வேல.

தாயி, பாத்ரூம்ல நல்லா போவுதுன்னு சொன்னிய பாருங்க, பாதி விசயம் அதுலயே தெரிஞ்சிட்டு. வீட்டுக் கழிவுத்தண்ணி எல்லாம் போயி சேருற வெளித்தொட்டி, அதான் சேம்பர், அது அடச்சிருந்தா எல்லாமே தேங்கும். ஒங்களுக்கு சிங்க்குக்கும் சொவத்துக்கும் நடுவுல இருக்க ரெண்டு மூணு அடிலதான் அடப்பு. சொதின்னு எழுதினதும் புரிஞ்சிட்டு. தேங்காயெண்ண 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும், மார்கழி மாசம் காலைல குப்பியக் கவுத்தா விழாதுல்லா, அந்தக் கொழுப்புதான் தேங்காப்பால்லயும் இருக்கு. பாத்திரத்துல சூடா இருக்கும்போது ஓடிரும், பைப்புல பச்சத்தண்ணி பட்டதும் ஒட்டிக்கிடும். அதுமேல சோத்துக் கஞ்சியும் மாவு கழுவுன தண்ணியும் போயி பசை மாதிரி புடிச்சிக்கிடும், தேயிலத்தூளு கருவேப்பில எல்லாம் அதுல போய் ஒக்காந்துக்கிடும். போர் தண்ணியா இருந்தா சோப்பும் நொரைக்காம திரிஞ்சு பிசுக்கா படியும்.

மொதல்ல ரப்பர் கப்பு வச்ச பிளஞ்சர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க. சிங்க் ஓரத்துல மேல சின்ன ஓட்ட இருந்தா ஈரத்துணிய வச்சு நல்லா அடச்சிருங்க, இத விட்டுட்டுதான் நெறையப் பேரு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு போவலன்னு சொல்லுதாவ, அமுக்குற காத்தெல்லாம் அந்த வழியா வந்துரும். கப்பு முங்குற அளவு தண்ணி இருக்கணும், கப்ப எடுக்காம இருவது தடவ அமுக்கி இழுக்கணும், இழுக்கதுதான் முக்கியம். அதுலயும் போவலன்னா கீழ பக்கெட்ட வச்சிட்டு பைப்பக் கழத்திர வேண்டியதுதான். கிண்ணம் மாதிரி பாட்டில் ட்ராப் இருந்தா அடிப்பாகத்தக் கையாலயே திருகலாம், நெளி பைப்பா இருந்தா மேல நட்டு இருக்கும். வாசர் எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கிடுங்க. திருப்பி மாட்டும்போது கை முறுக்கே போதும், ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக் கீறிரும்.

அம்பை டீச்சர்:
ஆசிட் வேண்டவே வேண்டாம்மா. எங்க வீட்டுல போன வருசம் இப்படித்தான் ஆசிட் ஊத்தினோம், போவலன்னதும் எங்க மாமா தெரியாம மேல பிளீச்சிங் பவுடரப் போட்டுட்டாவ. அடுத்த நிமிசமே பச்சையா ஒரு நெடி, தொண்டைய அடச்சிட்டு, கண்ணத் தொறக்க முடியல, எல்லாரும் தெருவுக்கு ஓடியாந்தோம், அவியளுக்கு ரெண்டு நாளு இருமல் நிக்கல. அது குளோரின். ஸ்டீல் சிங்க் கருத்துப் போனது இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆசிட் ஊத்தி அடப்பும் போவலன்னா பெறவு பைப்பக் கழத்துறவன் கையிலயும் மூஞ்சிலயும்தான் அது விழும், அத நினைச்சுப் பாருங்க.

பாளை மதினி:
டீச்சர் சொன்னத எங்க வீட்டுல வாசிச்சுக் காட்டினேன், ஆசிட்டுப் பேச்சு அதோட நின்னுச்சு. பிளஞ்சர்ல கொஞ்சம் எறங்குச்சு, ஆனா மறுநாளு பழையபடி. இன்னைக்கி கழத்திட்டோம். எங்களுக்கு நெளி பைப்பு அண்ணாச்சி. பக்கெட்டுல கவுத்தா தண்ணிதான் வந்துச்சு, உள்ள ஒண்ணும் வரல, பெறவு வெளிய கொண்டு போயி வெயில்ல நீட்டிப் பாத்தா ஒவ்வொரு மடிப்புலயும் மெழுகு மாதிரி வெள்ளையா, நடுவுல வெரல் போற அளவுகூட வழி இல்ல, அதுல கடுகு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு சின்னக் கரண்டியும் கெடந்துச்சு, அது போன தீவாளிக்குத் தேடுனது. பழைய துணியக் கம்பில சுத்தி, வெதுவெதுன்னு தண்ணியும் பாத்திரம் வெளக்குற சோப்பும் விட்டு ஒரு மணி நேரம் ரெண்டு பேருமா தேச்சோம். இப்ப ஒரு சருவம் தண்ணி மடமடன்னு போவுது. மாட்டினப்பம் மொதல்ல சொட்டிச்சு, போட்டோவப் பாத்தா வாசரத் திருப்பிப் போட்டிருக்கோம், சரி பண்ணிட்டேன். இந்தப் பைப்பு அலமாரிக்குள்ள வயிறு மாதிரி தொங்குது, அது பரவால்லயா?

தச்சநல்லூர் ஹார்டுவேர்:
அந்த வயித்துலதான் தாயி எல்லாம் தங்குது. மேல ஒரு வளைவு இருக்கட்டும், அதுல நிக்கிற தண்ணிதான் நாத்தத்தையும் கரப்பானையும் தடுக்கும். அதுக்குக் கீழ தொங்கக் கூடாது, நேரா எறங்கணும், நீளம் மிச்சம் இருந்தா வெட்டிருங்க. சொவத்துக்குப் போற பைப்புக்கும் அடிக்கு கால் இஞ்சாவது சரிவு வேணும். அடுத்த தடவ சொதி வச்சா பாத்திரத்த மொதல்ல பழைய பேப்பர்ல தொடச்சு குப்பைல போட்டுட்டு கழுவுங்க, தேங்காச் சக்கைய சிங்க் பக்கமே கொண்டு வராதிய. ஓட்ட மேல வைக்கதுக்கு சின்ன ஸ்டீல் சல்லட கடைல கெடைக்கும், ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க.