ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் முதுகலை: செய்திமடலில் எல்லோரும் சிரிக்கிறார்கள், உள்ளே எப்படி?

கேட்டவர்: இரண்டாம்வருட ஆர்.ஏ.

வணக்கம். ஒஹையோவில் படிக்கிறேன். வருகிற மே மாதம் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளங்கலை முடிகிறது. இரண்டு வருடமாக விடுதியில் ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டண்ட், விடுதி மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் மாணவர்) வேலை. குழாய் ஒழுகினாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள், காதலி விட்டுப் போனாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் கோடிங்கைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஹால் டைரக்டர் (விடுதியை நடத்துபவர்) சொல்லித்தான் 'காலேஜ் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்', அதாவது வகுப்புக்கு வெளியே மாணவர் வாழ்க்கையைக் கவனிக்கும் துறை, என்று ஒரு முதுகலைப் படிப்பே இருப்பது தெரிந்தது. விண்ணப்பித்தேன், இரண்டு இடத்தில் அட்மிஷன் கிடைத்துவிட்டது.

முதல் இடம் சின்னப் பல்கலைக்கழகம். விடுதியில் ஜி.ஏ. (கிராஜுவேட் அசிஸ்டண்ட், முதுகலை படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை) வேலை உறுதி. டியூஷன் தள்ளுபடி, தங்க அறை, சாப்பாட்டு கார்டு, கையில் கொஞ்சம் பணம். இரண்டாவது இடத்துக்குப் பெரிய பெயர். ஆனால் முதல் வருடம் ஜி.ஏ. 'பெரும்பாலும் கிடைத்துவிடும்' என்கிறார்கள். அவர்கள் அனுப்பிய செய்திமடலை நான்கு தடவை படித்துவிட்டேன். நாஸ்பா (இந்தத் துறையினரின் சங்கம்) மாநாட்டில் ஒரே நிற டி-ஷர்ட்டில் எல்லோரும் நிற்கும் படம், போன வருடம் முடித்தவர்களின் பட்டியல், 'அனைவருக்கும் ஆறு மாதத்துக்குள் வேலை' என்று ஒரு பெட்டிச் செய்தி. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் அப்பா: "ஹாஸ்டல் வார்டன் ஆகவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?"

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த இடம்? அப்பாவிடம் என்ன சொல்வது?

பதில்: மூன்றாம்மாடி

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் இந்தப் படிப்பு இரண்டு வருடம் படித்து, நான்கு வருடம் ஹால் டைரக்டராக இருந்து, இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒழுங்கு விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். அக்காவாக நினைத்துப் படி, கொஞ்சம் நீளும்.

செய்திமடலை நம்பாதே என்று சொல்ல மாட்டேன். படிக்கத் தெரிந்து படி. எங்கள் வகுப்பில் 17 பேர், வெளிநாட்டு மாணவி நான் ஒருத்திதான். என் சிரித்த முகம் மூன்று வருடம் தொடர்ந்து அந்தச் செய்திமடலில் வந்தது. அந்தப் படம் எடுத்த நாளுக்கு முந்தைய இரவு, மைக்ரோவேவில் பாப்கார்ன் கருகி அலாரம் அடித்து, 300 பேரைப் பனியில் ரப்பர் செருப்போடு நிறுத்தி, அதிகாலை மூன்றரைக்கு உள்ளே அனுப்பியிருந்தேன். படத்தில் நான் சிரித்தது தூக்கக் கலக்கத்தில்.

'அனைவருக்கும் வேலை' என்றால் என்ன வேலை? முழுநேரமா, பத்து மாத ஒப்பந்தமா? முடித்தவர்களில் எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடம் கழித்தும் இங்கே இருக்கிறார்கள்? இதை அப்படியே மின்னஞ்சலில் கேள். நல்ல துறையாக இருந்தால் அந்த மாணவர்களிடமே உன்னைப் பேசவிடுவார்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது ஜி.ஏ. இந்தப் படிப்பில் பாதிப் படிப்பு ஜி.ஏ.தான். வேலைக்கு நேர்காணல் போனால் எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு நிமிடம் பேசுவார்கள், ஜி.ஏ.வில் என்ன செய்தாய் என்று நாற்பது நிமிடம் பேசுவார்கள். 'பெரும்பாலும் கிடைத்துவிடும்' என்ற வார்த்தையை நம்பி டியூஷன் கட்டிச் சேராதே. எழுத்தில் வாங்கு.

உறுதியான இடத்திலும் ஒன்று கேட்க வேண்டும். காகிதத்தில் வாரம் 20 மணி நேரம் என்று இருக்கும். வகுப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் வேலை பார்க்க அனுமதியும் 20 மணிதான். ஆனால் விடுதி வேலைக்கு டூட்டி போன் என்று ஒன்று உண்டு. அதை இரவு முழுக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பது கணக்கில் வருமா, அடித்து எழுந்து போனால் மட்டும் வருமா? 20 தாண்டினால் வில்லங்கம் உனக்குத்தான், மேலதிகாரிக்கு இல்லை. என் முதல் மேலதிகாரி "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். நான் பண்ணவில்லை. ஒவ்வொரு வாரமும் மணிக்கணக்கை எழுதி அவருக்கே அனுப்பினேன். என்னை அவருக்குப் பிடிக்காமல் போனது.

அப்புறம், சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்று பார். எனக்கு மாதம் 900 டாலர், ஆகஸ்ட் முதல் மே வரை. ஜூன், ஜூலை கையில் ஒன்றும் இல்லை, அறையையும் காலி செய்ய வேண்டும்.

வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்றால் சிக்கரிங்கின் ஏழு வெக்டர்கள், ஆஸ்டினின் ஈடுபாட்டுக் கோட்பாடு, இப்படி நிறைய. சிலது தேர்வோடு போய்விடும். எனக்கு நின்றது ஷ்லாஸ்பெர்க் என்ற ஆய்வாளர் 1989ல் எழுதியது. 'நான் இங்கே ஒரு பொருட்டா, இல்லை ஓரத்தில் நிற்கிறேனா' என்ற கேள்வி. புது இடத்துக்குப் போகிற எவனுக்கும் இந்தக் கேள்வி வரும் என்கிறார் அந்த அம்மா. நீயும் விமானத்தில் வந்து இறங்கிய முதல் வாரத்தை நினைத்துப் பார்.

ஒரு இரவைச் சொல்கிறேன். முதல் வருடம், அக்டோபர், மணி பதினொன்றரை இருக்கும். ஒரு பெண் கதவைத் தட்டினாள். ஒரு காலில் மட்டும் சாக்ஸ், கையில் ஆறிப்போன டீ. உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். ஆர்.ஏ.வாக உனக்கும் தெரியும்: பாலியல் அத்துமீறல் பற்றி எது கேட்டாலும் டைட்டில் நைன் (கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பது பெரும்பாலான வளாகங்களில் நம்மைப் போன்ற ஊழியர்களுக்கு விதி. என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் முகம் சொன்னது. அடுத்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வருவதற்குள் நான் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினேன். "நீ சொன்னால் சிலதை நான் மேலே சொல்ல வேண்டிவரும். சொல்லத் தேவையில்லாதவர்கள் கவுன்சிலிங் சென்டரில் இருக்கிறார்கள்" என்றேன். அவள் டீயையே பார்த்தாள். "அப்போ ஒண்ணுமில்ல" என்று எழுந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக என்னை நான் உணர்ந்ததில்லை.

வாசல் வரை போனவளிடம், "என் நாற்காலியில் உட்கார்ந்து அவங்களுக்கு போன் பண்றியா, நான் வெளியே இருக்கேன்" என்றேன். இரவு நேர எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு வராந்தாவில் தரையில் உட்கார்ந்தேன், நாற்பது நிமிடம். அவள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது கோப்பையை என் மேசையில் மறந்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பதில்: கணக்குப்பிள்ளை

அக்கா நன்றாக எழுதியிருக்கிறார். நான் மறுபக்கம். ஐந்து வருடம் ஹால் டைரக்டர், இப்போது சம்பளப் பட்டுவாடா மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன்.

குடும்பம் என்று வரும்போது விடுதிக்குள் குடியிருப்பது வேறு கதை. மனைவி எஃப்-2வில் (மாணவரின் குடும்பத்துக்கான விசா) வந்தார், வேலை பார்க்க அனுமதி இல்லை. குழந்தை பிறந்தது. அலாரம் அடித்தால் நான் கட்டிடத்தை காலி செய்யப் போவேன், அவர் நான்கு மாதக் குழந்தையை கார் சீட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு தனியாக மாடிப்படி இறங்குவார். மூன்றாவது தடவை கீழே வந்து நின்றபோது என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

இன்னொன்று. செய்திமடலில் மல்டிகல்ச்சுரல் சென்டர் படம் இருக்கிறதா? அந்த சென்டர் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1ல் அமலுக்கு வந்து, அரசுப் பல்கலைக்கழகங்களில் டி.இ.ஐ. (பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்) அலுவலகங்களை மூடவைத்தது. ஒஹையோவிலும் 2025ல் அதேபோல எஸ்.பி. 1 சட்டம் வந்துவிட்டது. அந்த அலுவலகங்களில் ஜி.ஏ. செய்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்: இந்த வேலைக்கெல்லாம் உண்மையிலேயே ஒரு முதுகலை வேண்டுமா? நல்ல மனசும் நல்ல தூக்க மாத்திரையும் போதாதா?

பதில்: ஐ20காரன்

விசா பக்கம் மட்டும். முதுகலை என்பது மேல்படி என்பதால் ஓபிடி (படிப்பு முடித்து அதே துறையில் வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம் புதிதாகக் கிடைக்கும். அதில் வேலையில்லாமல் 90 நாள்தான் இருக்கலாம். இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை, 24 மாத நீட்டிப்பு இதன் பெயரில் வராது. ஆனால் உங்கள் இளங்கலை கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் இங்கேயே படித்தது. அந்தப் பட்டத்தின் பெயரில் நீட்டிப்பு கேட்க விதியில் இடம் உண்டு. நிபந்தனை: பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், வேலை அந்தப் பட்டத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், முதலாளி ஈ-வெரிஃபையில் (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு இணைய முறை) இருக்க வேண்டும். ஹால் டைரக்டர் வேலைக்கு அது பொருந்தாது. மாணவர் தரவை வைத்து மதிப்பீடு செய்யும் வேலைக்குப் பொருந்த வாய்ப்பு உண்டு.

வளாகத்துக்கு வெளியே பிராக்டிகம் (படிப்பின் பகுதியான களப் பயிற்சி) செய்தால் அதற்கான சிபிடி அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். எச்-1பி வேலை விசாவில் பல்கலைக்கழகங்களுக்கு லாட்டரி கிடையாது, அது பெரிய வசதி. ஆனால் சில இடங்களில் விடுதிப் பதவிகளுக்கு ஸ்பான்சர் செய்வதில்லை என்றே விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். எதற்கும் உங்கள் டிஎஸ்ஓவிடம் (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரி) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில்: மூன்றாம்மாடி

கணக்குப்பிள்ளை அண்ணா, கோபம் இல்லை. உங்கள் வீட்டம்மா சார்பில் எனக்குத்தான் உங்கள் மேல் கோபம்.

முதுகலை வேண்டுமா என்றால், நான் இப்போது செய்கிற வேலையை வைத்துச் சொல்கிறேன். 1960 பிப்ரவரியில் அலபாமாவின் மாண்ட்கோமரியில், அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் நீதிமன்றக் கட்டிடத்து உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான இடம். அதைத் தொடர்ந்து ஒன்பது பேரைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். என்ன குற்றம் என்று தெளிவாகச் சொல்லவில்லை, விசாரணையும் இல்லை. அதுவரை கல்லூரி என்பது பெற்றோர் ஸ்தானம், பெற்றோரை யார் கேள்வி கேட்பது? வழக்கு போனது. 1961ல் ஃபிப்த் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவனை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவன் பக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்றது. டிக்சன் வழக்கு என்பார்கள்.

இன்று நான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் எந்த விதி, எந்தத் தேதி, எப்போது விசாரணை, யாரை உடன் அழைத்து வரலாம் என்று நான்கு பத்தி இருக்கிறதே, அந்தப் பத்திகள் அங்கிருந்து வந்தவை. படிக்காமல் நல்ல மனசோடு வந்த ஒருவர், பையன் அழுதான் என்று வாய்மொழியாக மன்னித்துவிட்டு, அடுத்த பையன் முறைத்தான் என்று நீக்கிவிடுவார். பார்த்திருக்கிறேன்.

தம்பி, அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார். கேட்கவில்லையென்றால் இன்னொன்று வைத்திருக்கிறேன். ஒருநாள் அலுவலகத்துக்கு ஒரு அப்பாவிடமிருந்து போன், ராத்திரி அங்கே. இணையதளத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தார். "அம்மா, பையன் வகுப்புக்குப் போறானான்னு மட்டும் சொல்லுங்க, மார்க் கூட வேணாம்." 1974ன் ஃபெர்பா (மாணவர் பதிவேடுகளின் ரகசியம் பற்றியது) சட்டப்படி, பையன் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் அவன் பதிவேடு அவனுடைய உரிமை. எங்கள் அலுவலகத்தில் அவன் கையெழுத்து இல்லாமல் வாய் திறக்க மாட்டோம். எனக்குத் தெரியும், அவன் மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. "சொல்ல முடியாது ஐயா" என்றேன். "உங்க அப்பா கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டு அந்தப் பையனை வரச் சொல்லி, அப்பாவுக்கு என் மேசையிலிருந்தே போன் செய்ய வைத்தேன். பேசினான். முதல் ஐந்து நிமிடம் திட்டு வெளியே எனக்கே கேட்டது.

கேட்டவர்: இரண்டாம்வருட ஆர்.ஏ.

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பெரிய பெயர் இருக்கும் இடத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். ஜி.ஏ. பற்றி 'ஜூலையில் தெரியவரும்' என்று பதில். வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதே செய்திமடலைத் திரும்ப இணைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சின்ன இடத்தில், இப்போது ஜி.ஏ.வாக இருக்கும் ஒரு நேபாளத்துப் பெண்ணின் எண்ணைத் தந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினார். டூட்டி போன் அடித்தால் கால் மணி நேரமாகக் கணக்கு எழுதுகிறார்களாம், கோடை இரண்டு மாதத்துக்கு அறை மட்டும் உண்டாம், பணம் இல்லை. குறை சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொன்னார். அங்கேயே சேர்கிறேன் என்று நேற்று எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் டிக்சன் கதையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். "சரி, அப்போ நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாமே" என்றார்.