மறு: ஏரிகளின் "உட்சுமை" – வேறு சொல் வேண்டும்

வணக்கம்.

> "இன்டர்னல் லோடிங்" என்பதற்கு "உட்சுமை" என்றே வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது.

பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸ் வெளியிலிருந்து வராமல், ஏரியின் அடிச்சேற்றிலிருந்தே நீரில் கலப்பதைத்தான் "இன்டர்னல் லோடிங்" என்கிறோம். "உட்சுமை" சுருக்கம்தான். ஆனால் அதைப் படிப்பவருக்கு மனச்சுமைதான் நினைவுக்கு வரும். ஏரியின் அடியில் கிடக்கும் சேறு நினைவுக்கு வராது. இங்கே எல்லாமே அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

அடிச்சேற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே சில மில்லிமீட்டருக்குத் துருநிறப் படலம், அதற்குக் கீழே கருஞ்சேறு. அந்தத் துருவில் உள்ள இரும்புதான் பாஸ்பரஸைப் பற்றி வைத்திருக்கிறது. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் படலம் கரைகிறது, பாஸ்பரஸ் நீரில் கலந்துவிடுகிறது. ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் 1941–42இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். இதில் யாரும் எந்தச் சுமையையும் ஏற்றுவதில்லை. சேறு உமிழ்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஷாகவா ஏரிக்கு 1973இல் பாஸ்பரஸை நீக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. உள்ளே வரும் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கோடைதோறும் பாசி பெருகியது; பழைய சேறு அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தது. சுவீடனின் டிரம்மன் ஏரியில் கழிவுநீரைத் திருப்பிவிட்டுப் பத்தாண்டு கழிந்தும் தெளிவு வரவில்லை. 1970–71இல் மேல் வண்டலை அள்ளி எடுத்த பிறகே நீர் மாறியது. "சாக்கடையை அடைத்துவிட்டோமே, இன்னும் ஏன் பச்சை?" என்று கேட்பவருக்கு, சொல்லே விடை சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் முன்மொழிவு: மீளூட்டம்.

———

ஐயா, காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. "மீளூட்டம்" கண்ணுக்குப் "பின்னூட்டம்" போலத் தெரிகிறது. மேலும், ஊட்டம் என்றால் நல்லது என்றே நம் காது கேட்கும். இலங்கைப் பாடநூல்களில் உள்ள "நற்போசணையாக்கம்" (யூட்ரோஃபிகேஷன்: சத்து மிகுந்து ஏரியில் பாசி பெருகுவது) மூலச்சொல்லுக்கு நேர்மையானதுதான்; ஆனால் ஏரி மூச்சுத் திணறுவதை "நல்" என்று தொடங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே சிக்கல் இங்கும் வேண்டாமே. "வண்டல் சுமை" என்றால் என்ன?

———

பின்னூட்டம் பற்றிய எதிர்ப்பை ஏற்கிறேன், மீளூட்டத்தைக் கைவிடுகிறேன். ஆனால் "வண்டல் சுமை" கூடாது. ஆறு அடித்துக்கொண்டு வரும் மண்ணின் அளவுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் வரும்போது குழப்பம் உறுதி.

"சுமை" என்ற சொல்லை முற்றிலும் விடவும் முடியாது. ஏரிக்கு வரவு செலவுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது ஓர் அளவு. ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று எழுதியாக வேண்டும். ஆகவே இப்படி இணையாக வைக்கலாம்:

நீர்ப்பிடிப்புப் பகுதியின் வயல், தொழுவம், சாக்கடை ஆகியவற்றிலிருந்து வருவது வருசுமை.
அடிச்சேறு விடுவது உமிழ்சுமை.

இரண்டும் வினைத்தொகை. உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் சுமை என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். எப்போதோ வயலில் இட்ட உரம் இன்று வெளிவருகிறது, இன்றைய உரம் இனி வெளிவரும் என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. உமிழ்வு என்ற சொல்லும் கார்பன் உமிழ்வு வழியாக எல்லோருக்கும் பழகியதே.

மறுப்பு இல்லையென்றால், படிகாரம் இட்டுப் பாஸ்பரஸைச் சேற்றிலேயே கட்டிவைக்கும் முறையை "உமிழ்சுமைத் தடுப்பு" என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.