5.1இல் பாட்டுக் கேட்டால் உண்மையிலேயே நன்றாக இருக்குமா?
வணக்கம், டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மாமா வீடு மாறும்போது தன் பழைய 5.1 செட்டை (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், கூடவே தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) என் தலையில் கட்டிவிட்டார். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 2003இல் சரவுண்டில் (சுற்றொலியில்) வந்த எஸ்ஏசிடியும் (சிடி போன்ற உயர்தர ஒலி வட்டு) கூடவே கிடைத்தது. அதில் வரும் கடிகாரங்கள் நாலு பக்கமும் அலற, பாட்டி சாமி அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்!

அது சரி. பழைய தமிழ்ப் பாட்டை ரிசீவரே (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவானதில் பிரிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு, நடு நாற்காலிக்காரருக்குத்தான் சுகம். ஓரத்தில் உட்கார்ந்தவர் காதில் பின் ஸ்பீக்கர் மட்டும்.

தனித்தனி டிராக்கிலிருந்து புதிதாகச் சரவுண்டில் மிக்ஸ் செய்த தமிழ் ஆல்பம் இருந்தால் பெயர் சொல்லுங்கள். சின்ன அறையில் பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? இல்லை, நல்லதாக இரண்டு ஸ்பீக்கரே போதுமா, அண்ணன்மாரே?