எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுகிறது, பொள்ளாச்சிக்குக் குரல் தெளிவாகப் போகவில்லை: வளையும் ஆன்டெனாவைக் குறை சொல்லலாமா?

ஆழியாறு ஜீப்
அனைவருக்கும் வணக்கம். தார்ப்பாய்க் கூரை போட்ட பழைய ஜீப்பில் 2 மீட்டர் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ வைத்திருக்கிறேன். 145 மெகாஹெர்ட்ஸ், 25 வாட். முன்பு இரும்புக் கம்பி ஆன்டெனா இருந்தது. வால்பாறைப் பாதையில் மரக்கிளை பட்டுப் பட்டு அது கோணிக்கொண்டே போனதால், போன மழைக்காலத்துக்கு முன் ரப்பர் உறை போட்ட, வளைந்து கொடுக்கும் ஆன்டெனா ஒன்றை வாங்கி, பானெட் ஓரத்துத் தாங்கியில் மாட்டினேன். கேபிள் அதோடு வந்ததுதான். மெல்லியது, 5 மீட்டர்.

ரேடியோவின் பின்னால் மீட்டரை வைத்துப் பார்த்தால் 145-இல் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1. 144, 146 என இரண்டு ஓரங்களிலும் 1.2. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அதே பாதையில் இருக்கும் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் நின்று பேசினால் பொள்ளாச்சி நண்பர், "பழைய கம்பியில் சுத்தமாகக் கேட்டது, இப்போது கரகரக்கிறது" என்கிறார். இன்னொருவர், வளையும் ஆன்டெனா எல்லாமே வீண் என்கிறார். நான் மீட்டரை நம்புகிறேன். கோளாறு கேட்பவர் பக்கம்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஐம்பது ஓம்
மறுக்கிறேன். எனக்குச் சந்தேகமே அந்த 1.1 மேல்தான்.

கால் அலைநீளக் கம்பியை நல்ல உலோகத் தளத்தின் நடுவில் நிறுத்தினால் அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) ஏறக்குறைய 36 ஓம். 50 ஓம் கேபிளில் அது 1.4 காட்ட வேண்டும். உங்களுக்கோ கூரையே துணி. ஆன்டெனா பானெட்டின் ஓரத்தில் நிற்கிறது; ஒரு பக்கம் மட்டும்தான் உலோகம். அப்படிப்பட்ட இடத்தில் 144 முதல் 146 வரை ஊசி அசையவே மாட்டேன் என்கிறது என்றால், திறன் எங்கேயோ சூடாகக் கரைகிறது. திறனை வெறும் சூடாக்கி விழுங்கும் டம்மி லோடும்தான் 1.0 காட்டும். அதை மாட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பேச முடியுமா?

எஸ்டபிள்யூஆர் மீட்டர் காய்ச்சல் பார்க்கும் கருவி. உடல் சூடு சரியாக இருக்கிறது என்பதற்காக ஆளுக்கு நடக்க முடிகிறது என்று பொருள் இல்லை.

பழைய மோர்ஸ்
தம்பி, 36 ஓம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கடையில் விற்கும் ஆன்டெனாக்கள் பலவற்றின் அடிக்குழலுக்குள் ஒரு சுருள் இருக்கும். 50 ஓமுக்குப் பக்கத்தில் கொண்டுவரத்தான் அதை வைக்கிறார்கள். 1.1 வந்துவிட்டது என்பதற்காகவே ஓர் ஆன்டெனாவுக்குத் திருட்டுப் பட்டம் கட்டுவது நியாயமா?

மீட்டர் எதற்கு என்பதையும் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் 4 சதவீதம் திரும்பி வரும். 2 என்றால் 11. 3 என்றால் 25. அந்த அளவுக்குப் போனால் இப்போதைய ரேடியோக்கள் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். பழைய ரேடியோ என்றால் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும். அதைக் காப்பதுதான் மீட்டரின் வேலை, அந்த வேலையை அது செய்திருக்கிறது. என்னிடம் இருக்கும் பேர்ட் 43 மீட்டர் எத்தனையோ ரேடியோக்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஜீப்காரரே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். பழைய கம்பி இதே இடத்தில்தான் இருந்ததா? வாழ்த்துகள், 73.

ஆழியாறு ஜீப்
அதே தாங்கி, அதே இடம் ஐயா. கேபிள் மட்டும் வேறு. பழையது கொஞ்சம் தடிமன்.

பட்டறைக்காரன்
வண்டிகளில் வயர்லெஸ் பொருத்துவது எனக்குப் பிழைப்பு. அதனால் இந்தச் சண்டையில் நான் ஆன்டெனாவின் கட்சி.

வளையும் ஆன்டெனாவைத் திட்டுபவர்கள் இரண்டு வகைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, முழுக் கால் அலைநீளத்துக்கு நேரான கம்பியோ முறுக்குக் கம்பியோ உள்ளே ஓட, மேலே ரப்பர் உறை போட்டது. இன்னொன்று, கம்பியைச் சுருளாகச் சுற்றி உயரத்தைக் குறைத்தது. முதல் வகை இரும்புக் கம்பிக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. இரண்டாவது வகை உயரம் குறையக் குறைய இழப்பைக் கூட்டும், அலைவரிசையில் கொஞ்சம் விலகினாலும் முரண்டு பிடிக்கும். 145-க்குக் கால் அலைநீளம், நடைமுறையில் 49 சென்டிமீட்டர் பக்கம். உங்களுடையதை அளந்து பாருங்கள். 47, 48 இருந்தால் பெரும்பாலும் நேர்க்கம்பி. 25 சென்டிமீட்டர்தான் என்றால் உள்ளே சுருள்.

தயவு செய்து கத்தியை எடுத்து நுனியை வெட்டிவிடாதீர்கள். வெறும் கம்பியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு (ஆன்டெனா ஒத்துப்போகும் அலைவரிசை) 1 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும், வெட்டிய கம்பி திரும்ப முளைக்காது. சுருள் வகையில் ஒரு சுற்றை எடுத்தாலே கணக்கு எங்கேயோ போய்விடும். வார்த்த ரப்பரின் நுனியைத் திறந்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லார் மழையைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

தாங்கியின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய, பல் வாஷர் போட்டு முடுக்கினீர்களா? நான் பார்க்கும் வண்டிகளில் பாதிக் குறை அங்கேதான் இருக்கும்.

ஆழியாறு ஜீப்
47.5 சென்டிமீட்டர். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் மாட்டினேன். ஆக ஆன்டெனா நல்ல வகை, பூமித் தொடர்பும் இருக்கிறது, மீட்டரும் 1.1. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிறது.

தேனீ
அவசரப்படாதீர்கள் அண்ணா. ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்போது எடுத்த அளவு அது. வண்டி ஓடும்போது அது நிமிர்ந்தா நிற்கிறது?

நான் என் காரில் செய்து பார்த்த சோதனையைச் சொல்கிறேன். ஆன்டெனாவின் நுனியில் தூண்டில் நரம்பைக் கட்டி, நெடுஞ்சாலை வேகத்தில் காற்று எவ்வளவு சாய்க்குமோ அந்த அளவுக்குப் பின்னால் இழுத்து, வண்டியின் பின்கொக்கியில் முடிந்தேன். நைலான் என்பதால் அளவைக் கெடுக்காது. கம்பியாலோ உலோகச் சங்கிலியாலோ கட்டக்கூடாது. கதவுகளையும் பானெட்டையும் மூடிவிட்டு, தகரக் கொட்டகையிலிருந்து தள்ளி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக்கருவியில் அலைவரிசையை ஓட்டிப் பார்த்தேன். எஸ்டபிள்யூஆர் மிகக் குறைவாக இருக்கும் பள்ளம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கிவிட்டது. நுனி உலோகத்தை நோக்கிச் சாயும்போது இரண்டுக்கும் இடையே கொள்ளளவு கூடுகிறது. அதனால் ஒத்ததிர்வு கீழே போகிறது. கதவைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றால் இந்தக் கோடு நம் உடம்பு அசையும்போதெல்லாம் ஆடும், அதையும் கவனியுங்கள்.

இது போக அலையின் தளமும் சாய்கிறது. 30 பாகை சாய்ந்தால் கணக்குப்படி 1.25 டெசிபல் இழப்பு, 45 பாகைக்கு 3 டெசிபல், அதாவது பாதித் திறன்.

பழைய மோர்ஸ்
சோதனை நல்ல சோதனை, மறுக்கவில்லை அம்மா. ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் ஜீப் எந்த வேகத்தில் போகும், காற்று எதைச் சாய்க்கும்? அதுவும் அவர் புகார் சொல்வது லோம்ஸ் வியூவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசும்போது. நின்ற வண்டியில் ஆன்டெனா நிமிர்ந்துதான் இருக்கும்.

தேனீ
அது நியாயம். பொள்ளாச்சிச் சமவெளிச் சாலைக்குத்தான் என் சோதனை பொருந்தும். நின்ற இடத்தில் வரும் குறைக்கு வேறு காரணம் வேண்டும்.

ஐம்பது ஓம்
வேறு காரணத்தை முதல் பதிவிலேயே அவர் எழுதிவிட்டார். "கேபிள் அதோடு வந்ததுதான், மெல்லியது, 5 மீட்டர்."

மீட்டர் ரேடியோவின் பின்னால் இருக்கிறது. ஆன்டெனாவில் முட்டித் திரும்பும் திறன் கேபிளில் இரண்டு முறை பயணம் செய்துதான் மீட்டருக்கு வருகிறது. போகும்போதும் தேய்கிறது, வரும்போதும் தேய்கிறது. கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாக மீட்டர் படிக்கும். ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் 1 டெசிபல் தின்னும். பென்சிலைவிட மெல்லிய ஆர்ஜி-174 என்றால் 1.7 பக்கம் வரும். இரண்டும் புதிதாக, ஈரம் ஏறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளின் முனையைத் திறந்தபடி விட்டு அளந்து பாருங்கள். அத்தனையும் திரும்பி வர வேண்டும். எஸ்டபிள்யூஆர் எகிற வேண்டும். எகிறவில்லை என்றால் திருடன் கேபிள்.

பழைய மோர்ஸ்
25 வாட் ரேடியோவைத் திறந்த முனையில் அழுத்தச் சொல்கிறீரா? டிரான்சிஸ்டர் போனால் வாங்கித் தருவீரா?

ஐம்பது ஓம்
ரேடியோவைத் தொடச் சொல்லவில்லை ஐயா. நானோவிஎன்ஏவின் சிக்னல் 1 மில்லிவாட்டுக்கும் குறைவு. திறந்த முனை அதை ஒன்றும் செய்யாது.

பழைய மோர்ஸ்
அப்படிச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சின்னத் திரையும் காட்டுவது திரும்பி வருவதை மட்டும்தான். கேபிளின் இந்த முனையில் மாட்டினால் என் மீட்டர் சொல்லும் அதே பொய்யை வண்ணக் கோட்டில் சொல்லும். ஆன்டெனா இருக்கும் முனையில் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று குமிழ்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு அளவுதிருத்தம் செய்தால்தான் அதற்கு மதிப்பு. 2019-க்குப் பிறகு வாங்கிய பலரும் அந்த மூன்று குமிழ்களைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

ஐம்பது ஓம்
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பட்டறைக்காரன்
அளவுதிருத்தம் எல்லாம் சரி. எங்கள் வேலையில் அதற்கு நேரம் கிடையாது. சந்தேகம் வந்தால் கேபிளை மாற்றிவிட்டுப் பார்ப்போம். கேபிளுக்கு ஆகும் பணம் ஒரு நாள் கூலியைவிடக் குறைவு.

ஆழியாறு ஜீப்
தேனீ தன் கருவியைக் கொண்டுவந்திருந்தார். ரேடியோ முனையில் அளவுதிருத்தம் செய்துவிட்டு, மறுமுனையைத் திறந்துவைத்து அளந்தோம். 145-இல் 2.4.

கேபிள் பழுது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆன்டெனா நல்ல ஆன்டெனாதானே? தலைப்பில் நான் கேட்டது அதைத்தான்.

ஐம்பது ஓம்
2.4! முனையில் ஒன்றுமே இல்லாதபோது 2.4 என்றால் கேபிளின் ஒருவழி இழப்பு 3.8 டெசிபலுக்கு மேல். 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 10 வாட். நல்ல ஆர்ஜி-174 என்றால் 5 காட்டியிருக்கும். ஆர்ஜி-58 என்றால் 8க்கு மேல். உங்களுக்கு வரும் சிக்னலும் அதே அளவு தேய்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இழப்பைக் கழித்துப் பார்த்தால் உங்கள் 1.1 உண்மையில் 1.25. ஓரங்களில் காட்டிய 1.2 உண்மையில் 1.6. ஒரு நல்ல வளையும் ஆன்டெனா காட்டக்கூடிய அளவுகள்தான் இவை. அழகாகத் தெரிந்த எண்ணில்தான் பொய் இருந்தது என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

பழைய மோர்ஸ்
ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள் என்று நானும்தான் சொன்னேன்.

பட்டறைக்காரன்
கேபிளை எறிவதற்கு முன் ஆன்டெனா அடியிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு மேலுறையைக் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் செம்பு நிறத்தில் இருக்கிறதா, கறுத்திருக்கிறதா?

ஆழியாறு ஜீப்
கீறினேன். பின்னல் கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் இழைகள் உதிர்கின்றன. கதவு இடுக்கில் நசுங்கிய இடத்திலும் அதே கதை. பழைய தடிமன் கேபிளை இந்த ஆன்டெனாவுக்குப் போடப் போகிறேன். ஆனால் ஒன்று: பொள்ளாச்சி நண்பரின் ரேடியோவைச் சோதிக்காமல் முழுப் பழியையும் கேபிள் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை.

தேனீ
அதையும் தீர்த்துவிடலாம் அண்ணா. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகச் சோதிக்காதீர்கள். அப்போது அவர் காதில் விழுவது ரிப்பீட்டரின் சிக்னல், உங்களுடையது அல்ல. நேரடி அலைவரிசையில் பேசுங்கள். ரேடியோவில் ஏறி இறங்கும் கோடுகளையும் நம்பவேண்டாம், எஃப்எம் ரேடியோவில் அவை சீக்கிரமே உச்சியைத் தொட்டு நின்றுவிடும். நான் பொள்ளாச்சியில் அவர் வீட்டு மாடியில் எஸ்டிஆர் டாங்கிளோடு (கணினியில் செருகும் சிறு ரேடியோ வாங்கி) உட்காருகிறேன்; அதன் தானியங்கி கெய்னை (சிக்னல் பெருக்கத்தை) அணைத்துவிட்டு, ஒரே அளவில் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். நீங்கள் லோம்ஸ் வியூவில், வண்டி நிறுத்துமிடத்திலேயே நில்லுங்கள்; காட்டுப்பாதையில் எங்கும் நிறுத்தவேண்டாம். ஒரே இடத்தில், ஒரே திறனில், ஜீப்பை நான்கு திசைக்கும் திருப்பி அளக்க வேண்டும். பானெட் ஓரத்து ஆன்டெனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீசாது; உலோகம் அதிகம் இருக்கும் பக்கம் தூக்கலாக இருக்கும். வளையும் ஆன்டெனாவை அளந்த கையோடு, அதே கேபிளில் பழைய இரும்புக் கம்பியையும் மாட்டி அளப்போம்.

பட்டறைக்காரன்
கேபிளை மாட்டும்போது, ஆன்டெனாவின் அடியிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடிக்குழலைச் சுற்றி ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண டேப். கதவு வழியாக வேண்டாம், இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் தகடான ஃபயர்வாலின் துளை வழியாகக் கொண்டுபோங்கள்.

ஐம்பது ஓம்
இரும்புக் கம்பிக்கும் இதற்கும் 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வராது என்பது என் கணிப்பு.

பழைய மோர்ஸ்
அரை டெசிபல்கூட வராது. ஞாயிறு காலை பேர்ட் 43-ஐ எடுத்துக்கொண்டு ஜீப்பில் நானும் வருகிறேன். திறன் ஒரே அளவில் போகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. 73.