சிஸ்கோ 7961 மேசைப் போனில தண்ணி முறையைத் தமிழில காட்டுறது எப்பிடி?

பரந்தன்_வாய்க்கால்:
வணக்கம். கிளிநொச்சியில எங்கட கமக்காரர் அமைப்புக் கந்தோரில மூண்டு 7961 இருக்கு. சிப் (SIP) எண்ட இணையவழிப் போன் முறைப் பதிப்பு, அஸ்டெரிஸ்க் எண்ட போன் சேர்வர் மென்பொருளில ஓடுது. இரணைமடுத் தண்ணியை நம்பித்தான் இஞ்ச சிறுபோகம். எந்த வாய்க்காலுக்கு எப்ப திறக்கிறது, எப்ப மறிக்கிறது எண்டு கேட்டு விடியத் தொடங்கினா ஓயாமல் கோல் வரும். போன் எடுக்கிற அக்கா ஒவ்வொருக்காலும் எழும்பிப் போய்ப் பலகையைப் பாத்திட்டு வந்து சொல்லவேணும். அவ கதிரையில இருந்தபடி ஒரு பட்டனை அமத்தினா அண்டைய முறை திரையில வரவேணும்.

போன் வாசிக்கிற எக்ஸ்எம்எல் (XML) பக்கத்தை பிஎச்பி (PHP) மொழியில எழுதிப்போட்டன். ஆங்கில எழுத்து வருது, தமிழ் குப்பையாத் தெரியுது. "நாளை" எண்டு கீழ்ப் பட்டன் சேர்த்தால் எக்ஸ்எம்எல் பிழை எண்டு நிக்குது. சேர்விசஸ் பட்டனுக்குள்ளால போகாமல் பக்கத்துப் பட்டனிலயே இதை வைக்கேலுமோ? அக்கா தமிழ் எழுத்திலதான் வாசிக்கவேணும், அதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

நெடுங்கேணி_நெற்வேர்க்:
பிழைக்குக் காரணம் அநேகமா "நாளை" பட்டனுக்குக் குடுத்த யூஆர்எல். அதில ரெண்டு விபரம் அனுப்பினா நடுவில ஆம்பர்சாண்ட் (&) குறி வரும். எக்ஸ்எம்எல்லுக்குள்ள அதை அப்பிடியே விடேலாது, அந்தக் குறிக்குப் பின்னால ஆம்ப் (amp) எண்டு சேர்த்து அரைப்புள்ளியோட முடிக்கவேணும். பைலின்ர தலையில வெற்று வரி இருந்தாலும் குழப்பும்.

பக்கத்துப் பட்டனுக்கு: போன் தொடங்கேக்க சேர்வரில இருந்து டிஎப்டிபியால (TFTP) எடுக்கிற கொன்பிக் (அமைப்பு) பைலில ரெண்டாவது லைனுக்கு பீச்சர் ஐடி (featureID) 20 குடுங்கோ, சேர்விஸ் யூஆர்ஐயில உங்கட பக்கத்தின்ர முகவரி. பிறகு போனை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ.

வவுனியா_தொலைபேசி:
தமிழ் எழுத்து அந்தப் போனில இல்லை. யூடிஎப்-8 (UTF-8) எழுத்துக் குறியீட்டில குடுத்தாலும் வராது. டெக்ஸ்ட்டை விட்டிட்டு இமேஜ்பைல் (CiscoIPPhoneImageFile) எண்ட படப் பக்க வகையை அனுப்புங்கோ தம்பி. சேர்வர் 298க்கு 144 பிக்சலில பிஎன்ஜி படம் கீறிக் குடுக்கும், போன் காட்டும். சாம்பலில நாலு அளவுதான் அந்தத் திரையில, வெள்ளையில கறுப்பா எழுதினாக் காணும்.

ஒண்டைக் கவனியுங்கோ. பிஎச்பியின்ர ஜிடி (GD) எண்ட படம் கீறுற நூலகத்தால எழுதினா கொம்பு இடம் மாறும், "கொ", "நெ" எல்லாம் உடைஞ்சு போகும். இமேஜ்மஜிக் எண்ட படம் செய்யிற மென்பொருளில பாங்கோ (Pango) எண்ட எழுத்தமைப்பு நூலகத்தால கீறுங்கோ, அது தமிழை ஒழுங்காச் சேர்க்கும். கீழ்ப் பட்டனின்ர பெயரிலயும் தமிழ் வராது. அதுக்கு 1, 2 எண்டு பேர் வைச்சு, படத்தின்ர அடியில, அந்தப் பட்டன்களுக்கு நேர் மேல "இண்டைக்கு", "நாளைக்கு" எண்டு எழுதிவிடுங்கோ.

பரந்தன்_வாய்க்கால்:
படம் வந்திட்டுது அண்ணை, "நெல்" வடிவா நிக்குது! ஆம்பர்சாண்ட் பிழையும் போட்டுது. திடீரெண்டு முறை மாறினால் அக்கா அமத்தாமலே மூண்டு போனிலயும் காட்டேலுமோ?

வவுனியா_தொலைபேசி:
ஏலும். போனுக்குள்ளயும் சின்ன வெப் சேர்வர் இருக்கு. அதின்ர சிஜிஐ எக்ஸிகியூட் (/CGI/Execute) முகவரிக்கு, உங்கட பக்கத்தைத் திறக்கச் சொல்லி எக்ஸிகியூட் செய்தி ஒண்டைப் போஸ்ட் பண்ணவேணும், பாவனைப் பெயர் கடவுச்சொல்லோட. போன் அதைச் சரிபாக்க கொன்பிக் பைலில இருக்கிற ஓதென்டிகேசன் யூஆர்எல்லிட்டக் கேக்கும். அந்தப் பக்கம் "ஓதரைஸ்ட்" (AUTHORIZED) எண்ட ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில திருப்பிக் குடுக்கோணும், வேற ஒண்டும் வேண்டாம். கந்தோர் நெற்வேர்க்குக்கு வெளியால அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டிடாதேங்கோ.